அமெரிக்க பிரைமரி: டெலிகேட் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் செய்தியில் அடிபடத் தொடங்கியதும் இதே சந்தேகங்கள் திரும்ப வருகின்றன. யார் முந்துகிறார், யார் எட்டிப் பிடிப்பார் என்று கணிக்க, ஓட்டு எண்ணிக்கையை விட விதிப்புத்தகம்தான் அதிகம் உதவும். பதில்களில் பெரும்பாலும் 2008-இல் ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதிய ஜனநாயகக் கட்சிப் போட்டியே உதாரணம். குடியரசுக் கட்சிக்கு 2016.

நவம்பர்லதானே அதிபர் தேர்தல்? ஜனவரியிலேயே எதுக்கு ஓட்டுப் போடறாங்க?

நவம்பரில் நடப்பது கட்சிகளுக்கு இடையிலான தேர்தல். அதற்கு முன் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊரில் அதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். அங்கே கட்சி மாநாட்டில் கூடும் பிரதிநிதிகள், அதாவது டெலிகேட்டுகள், ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அந்த டெலிகேட்டுகளை மாநிலம் மாநிலமாகப் பங்கிடுவதற்குத்தான் ஜனவரி முதல் ஜூன் வரை இத்தனை தேர்தல்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968-இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமலேயே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாடு கலவரத்தில் முடிந்த பிறகுதான் விதிகளை மாற்றி எழுதினார்கள். இன்றைய முறை அங்கிருந்து வருகிறது.

பிரைமரி, காக்கஸ் ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. பிரைமரி சாதாரணத் தேர்தல் மாதிரி: வாக்குச்சாவடிக்குப் போய்ச் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். காக்கஸ் ஒரு கூட்டம். குறித்த நேரத்துக்குப் போய், முடியும்வரை இருந்து, ஆதரவைக் காட்ட வேண்டும். அதனால் வருவோர் எண்ணிக்கை மிகக் குறைவு. யாரிடம் ஊர் ஊராக ஆள்பலம் இருக்கிறதோ அவருக்கு லாபம். 2008-இல் ஒபாமா அணி காக்கஸ் மாநிலங்களில் முன்கூட்டியே அலுவலகம் திறந்து ஆள் வைத்தது. கிளிண்டன் அணி பெரிய பிரைமரி மாநிலங்களை நம்பியது. இந்த ஒரு முடிவின் விலை என்ன என்பது அடுத்தடுத்த பதில்களில் தெரியும்.

ஜெயிக்க எத்தனை டெலிகேட் வேணும்? அந்த நம்பர் ஏன் நடுவுல மாறுது?

மொத்த டெலிகேட் ஓட்டில் பாதிக்கு மேல். 2016-இல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,472, தேவை 1,237. மொத்தம் மாறினால் தேவையும் மாறும். 2008-இல் ஜனநாயகக் கட்சிக்கு முதலில் 2,025 போதும் என்றிருந்தது. தேதி விதியை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஃப்ளோரிடாவுக்கும் மிச்சிகனுக்கும் மே 31 அன்று அரை ஓட்டு வீதம் திருப்பித் தந்ததும் அது 2,118 ஆனது.

அதிக ஓட்டு வாங்கினவர்தானே அதிக டெலிகேட் வாங்கணும்?

மாநிலத்துக்குள் பெரும்பாலும் ஆம். மாநிலங்களைக் கூட்டும்போது அது உடைந்துவிடுகிறது. 2008 பிப்ரவரி 5-ஐப் பாருங்கள். நியூ ஜெர்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டுப் போட்டார்கள்; டெலிகேட் கணக்கில் கிளிண்டன் 59, ஒபாமா 48. கிளிண்டனுக்குக் கிடைத்த லாபம் 11. அதே நாள் ஐடஹோ காக்கஸுக்கு வந்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம் பேர். ஒபாமா 15, கிளிண்டன் 3. ஒபாமாவுக்கு லாபம் 12. ஒரு சின்ன மலை மாநிலம் நியூ ஜெர்சியை முழுவதுமாக ஈடுகட்டி, ஒன்று கூடுதலாகவும் தந்தது.

எந்த மாநிலத்தை யார் ஜெயித்தார் என்பது தொலைக்காட்சித் தலைப்புக்கு உதவும். கணிப்பவர் பார்க்க வேண்டியது வித்தியாசத்தை மட்டும். 2016 மார்ச் 8 அன்று, ஜனநாயகக் கட்சிப் போட்டியில் ஹிலாரி கிளிண்டனை எதிர்த்த பெர்னி சாண்டர்ஸ் கருத்துக்கணிப்புகளை எல்லாம் பொய்யாக்கி மிச்சிகனைப் பிடித்தார். இரவு முழுக்க அதே பேச்சு. டெலிகேட் கணக்கில் அது 67-63, லாபம் 4. அன்றே மிசிசிப்பியில் கிளிண்டன் 31-5 என்று அள்ளினார். அந்த நாளை 22 டெலிகேட் லாபத்தோடு முடித்தவர் கிளிண்டன்.

10 சதவீதம் வித்தியாசத்துல ஜெயிச்சும் டெலிகேட் சரிபாதியா பிரியுதே, எப்படி?

ஜனநாயகக் கட்சியில் டெலிகேட்டுகளில் பெரும்பங்கு காங்கிரஸ் தொகுதி வாரியாகப் பிரிகிறது. மீதி மாநில அளவில். ஒவ்வொரு தொகுதியையும் தனித் தேர்தலாக எண்ண வேண்டும். நேருக்கு நேர் போட்டி, தொகுதிக்கு 4 டெலிகேட் என்றால், 3-1 ஆக 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 61 வாங்கினாலும் 2-2 தான். 6 டெலிகேட் தொகுதியில் 4-2 ஆக 58.3 சதவீதத்துக்கு மேல் தேவை. ஆனால் 5 டெலிகேட் தொகுதியில் ஒரே ஒரு ஓட்டு முன்னால் இருந்தாலும் 3-2. ஆக, ஒற்றைப்படைத் தொகுதியில் ஜெயித்தாலே லாபம். இரட்டைப்படைத் தொகுதியில் சும்மா ஜெயித்தால் பயன் இல்லை. பிரசாரப் பணத்தை எங்கே கொட்டுவது என்பதை இந்தக் கணக்கே முடிவு செய்கிறது.

இதற்கு மேல் 15 சதவீத வரம்பு. அதற்குக் கீழே நின்றவர் கணக்கிலேயே இல்லை. மீதமுள்ளவர்களின் ஓட்டை மட்டும் நூறாக்கிப் பங்கிடுவார்கள். 5 டெலிகேட் தொகுதியில் மூவர் 45, 30, 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி சில்லறை வேட்பாளர்களுக்கு. மூன்றாமவர் விழுந்தார், முதலிருவர் 60-40 ஆகி 3-2. அதே மூன்றாமவர் 15 தொட்டால்? பங்கு 2.5, 1.67, 0.83. முழு எண்களை முதலில் கொடுத்தால் 2, 1, 0. மிச்சமுள்ள இரண்டு இடம் பெரிய பின்னம் உள்ளவர்களுக்கு. முடிவு 2-2-1. மூன்றாமவர் ஒரே ஒரு சதவீதம் ஏறியதில், முதலில் வந்தவருக்கு இரண்டாமவரை விட இருந்த லாபம் மொத்தமாகப் போய்விட்டது. மூன்று பேர் களத்தில் இருக்கும்போது மூன்றாமவரின் 14-ஐயும் 15-ஐயும்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

2016 வயோமிங்கில் சாண்டர்ஸ் 55.7 சதவீதம் வாங்கினார். டெலிகேட் 7-7.

2008-ல டெக்சஸ்ல கிளிண்டன்தானே ஜெயிச்சாங்க? ஒபாமாவுக்கு எப்படி அதிகம்?

டெக்சஸில் அப்போது ஒரே நாளில் இரண்டு அடுக்கு: பகலில் பிரைமரி, இரவில் காக்கஸ். மொத்தம் 193 டெலிகேட். 126 பிரைமரிக்கு, 67 காக்கஸுக்கு. பிரைமரியில் கிளிண்டன் 51-47 என்று ஜெயித்தும் 65-61 தான் கிடைத்தது. காக்கஸ் ஒபாமாவுக்கு 38-29. கூட்டினால் ஒபாமா 99, கிளிண்டன் 94.

பிரைமரியிலேயே ஏன் லாபம் இவ்வளவு சிறியது? அங்கே தொகுதி என்றால் மாநில செனட் தொகுதி. முந்தைய தேர்தல்களில் ஜனநாயகக் கட்சிக்கு எவ்வளவு ஓட்டு விழுந்தது என்பதை வைத்து ஒவ்வொன்றுக்கும் டெலிகேட் ஒதுக்கியிருந்தார்கள். ஒபாமாவுக்குச் சாதகமான ஆஸ்டின் தொகுதிக்கு 8. கிளிண்டனுக்குச் சாதகமான, லத்தீனோ மக்கள் அதிகமுள்ள தொகுதிகள் பலவற்றுக்கு 3 அல்லது 4 தான். ஓட்டு விழும் முன்பே இது தெரிந்த விஷயம்.

குடியரசுக் கட்சியிலயும் இதே கணக்கா?

இல்லவே இல்லை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அடிப்படை ஒதுக்கீடு எளிது: ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதிக்கும் 3, மாநிலத்துக்கு 10, கட்சியின் தேசியக் குழு உறுப்பினர் 3 பேர், அதற்கு மேல் போனஸ். பங்கிடுவதில்தான் வித்தியாசம். சில மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாம்: 2016-இல் ஃப்ளோரிடாவின் 99-ம் டிரம்புக்குப் போனது. சிலவற்றில் மாநிலத்துக்குத் தனியாக, தொகுதிக்குத் தனியாக முதலிடம் பார்ப்பார்கள்: தென் கரோலினாவில் டிரம்ப் 32.5 சதவீதத்தில் 50-க்கு 50. மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, முழு அறுவடை. இன்னும் சிலவற்றில் விகிதாசாரம். அதிலும் வரம்பு 20 சதவீதம் வரை போகும், 50-ஐத் தாண்டினால் எல்லாம் அவருக்கே என்ற விதியும் உண்டு.

அதனால் இங்கே எதிரணி சிதறிக் கிடந்தால் சிறுபான்மை ஓட்டே போதும். ஜனநாயகக் கட்சியில் ஒரு முன்னிலையை உருவாக்குவதும் கடினம், உடைப்பதும் கடினம். குடியரசுக் கட்சியில் இரண்டுமே வேகமாக நடக்கும்.

இன்னும் இத்தனை மாநிலம் பாக்கி இருக்கே, பின்தங்கினவர் எட்டிப் பிடிக்க முடியாதா?

விகிதாசார முறைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். எதிராளியின் முன்னிலையை மீதமுள்ள டெலிகேட்டால் வகுத்து, 50-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்டுங்கள். மீதி இடங்களில் பின்தங்கியவர் சராசரியாக வாங்க வேண்டிய சதவீதம் அது.

2008 மார்ச் நடுவில், மிசிசிப்பி முடிந்ததும், மீதி இருந்தவை 566. ஒபாமாவின் முன்னிலை ஏறக்குறைய 160. கிளிண்டனுக்குத் தேவை 64 சதவீதம். ஏப்ரல் 22 அன்று பென்சில்வேனியா: ஆறு வாரப் பிரசாரம், இரண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம், பெரிய வெற்றி. டெலிகேட் 85-73, அதாவது 54 சதவீதம். லாபம் 12, ஐடஹோவில் ஒபாமாவுக்குக் கிடைத்த அதே 12. மீதி 408 ஆகச் சுருங்கியது, முன்னிலை 148 ஆனது, தேவை 68 சதவீதத்துக்கு ஏறியது. ஜெயித்த இரவிலேயே அவருடைய நிலைமை மோசமானது. தேவையான சதவீதத்தைத் தொடாத எந்த வெற்றியும் பின்தங்கியவருக்குத் தோல்விதான். மே 6-க்குப் பிறகு, வட கரோலினாவில் ஒபாமா 67-48, இண்டியானாவில் கிளிண்டன் வெறும் 38-34 என்றானதும், பேசக்கூட இடம் இல்லாமல் போனது.

நானே ஒரு மாநிலத்தைக் கணிக்கணும்னா எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

முதலில் அந்த மாநிலக் கட்சியின் தேர்வு விதி. அதில் நான்கு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொகுதிக்கு எத்தனை டெலிகேட், மாநில அளவில் எத்தனை, வரம்பு எவ்வளவு, கட்சி சாராதவர்கள் ஓட்டுப் போடலாமா. பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் வயது, இனம், கல்வி விகிதம். ஏற்கெனவே ஓட்டுப் போட்ட மாநிலங்களில் அந்தந்தப் பிரிவினர் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இங்கே பொருத்துங்கள். கடைசியாகத்தான் முழு எண்ணாக்கும் கணக்கு. மாநில சதவீதத்தை நேரடியாக டெலிகேட்டால் பெருக்கினால் தப்பாக வரும். தொகுதி தொகுதியாகப் போட்டுக் கூட்ட வேண்டும்.

கருத்துக்கணிப்பை நம்பலாமா?

நவம்பர் தேர்தல் கணிப்பை நம்பும் அளவுக்கு நம்ப வேண்டாம். எல்லோரும் ஒரே கட்சிக்காரர்கள் என்பதால் மனம் மாறுவது எளிது; யார் ஓட்டுப் போட வருவார் என்பதையும் ஊகிப்பது சிரமம். காக்கஸில் இது இன்னும் மோசம். 2008-இல் மக்கள்தொகை விவரம் கணிப்பை விட நன்றாக வேலை செய்தது: கறுப்பின வாக்காளர்கள் ஒபாமா பக்கம், லத்தீனோ மக்களும் வயதான வெள்ளையர்களும் கிளிண்டன் பக்கம் என்ற அமைப்பு மாநிலம் மாறினாலும் பெரிதாக மாறவில்லை. மே 6 முடிவுகளை இந்த வழியில் நெருக்கமாகக் கணித்துத்தான் புள்ளிவிவரக் கணிப்பாளர் நேட் சில்வர் பெயர் எடுத்தார்.

முன்கூட்டியே ஓட்டுப் போடும் மாநிலங்களில் இன்னொரு சிக்கல். 2020-இல் ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த புட்டிஜெஜும் க்ளோபுச்சரும், கலிஃபோர்னியா ஓட்டுப் போடும் மார்ச் 3-க்கு ஓரிரு நாள் முன்பு விலகினார்கள். அங்கே அதற்குள் அவர்களுக்கு விழுந்த தபால் ஓட்டுகளைத் திரும்ப எடுக்க முடியாது.

ஒவ்வொரு சேனலும் வேற வேற டெலிகேட் கணக்கு சொல்றாங்களே?

யாரைச் சேர்ப்பது என்பதில் அவர்கள் வேறுபடுகிறார்கள். சிலர் விதிப்படி கட்டுப்பட்ட டெலிகேட்டை மட்டும் எண்ணுவார்கள்; சிலர் சூப்பர் டெலிகேட்டுகளை, அதாவது பதவியால் இடம் பெறும், யாருக்கும் கட்டுப்படாத கட்சிப் பிரமுகர்களை, தொலைபேசியில் கேட்டுச் சேர்ப்பார்கள். முன்பு பல காக்கஸ் மாநிலங்களில் முதல் இரவு எண்ணிக்கை வெறும் மதிப்பீடாகவே இருந்தது. பல மாதம் கழித்து மாவட்ட, மாநில மாநாடுகளில்தான் உண்மையான டெலிகேட் தேர்வு நடந்தது.

2012 அயோவா குடியரசுக் கட்சி காக்கஸை மறக்கக் கூடாது. அன்றிரவு ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தார் என்றார்கள். பிறகு சான்டோரம் 34 ஓட்டில் முந்தினார் என்றார்கள். கடைசியில் தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 ஓட்டில் 22 மூன்றாமிடம் வந்த ரான் பாலுக்கு விழுந்தது. அவருடைய ஆட்கள் ஒவ்வொரு கட்டக் கூட்டத்திலும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகுதான் காக்கஸ் முடிவோடு டெலிகேட்டைக் கட்டும் விதியைக் கட்சி கொண்டுவந்தது.

சூப்பர் டெலிகேட் யாரு? அவங்க முடிவை மாத்திட மாட்டாங்களா?

ஜனநாயகக் கட்சியின் எம்.பி.க்கள், ஆளுநர்கள், தேசியக் குழு உறுப்பினர்கள், முன்னாள் அதிபர்கள் போன்றோர். 1984 மாநாட்டிலிருந்து இருக்கிறார்கள். 2008-இல் மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தொடக்கத்தில் பெரும்பான்மை கிளிண்டன் பக்கம். ஆனால் அவர்கள் சொன்ன வாக்கு யாரையும் கட்டாது. ஜான் லூயிஸ் போன்ற மூத்த எம்.பி.யே பிப்ரவரியில் ஒபாமா பக்கம் மாறினார். தேர்தலில் கிடைத்த டெலிகேட்டுகளில் முன்னிலை யாருக்கோ அவரிடம்தான் இவர்கள் கடைசியில் சேர்ந்தார்கள். முன்கூட்டியே இவர்களைக் கூட்டிக் காட்டும் கணக்கைத் தனி வரியில் வைத்துக்கொள்வது நல்லது.

2020 முதல் விதி மாறியது. போட்டி நிலவும் மாநாட்டில் முதல் சுற்றில் இவர்களுக்கு ஓட்டு இல்லை. யாருக்கும் பெரும்பான்மை வராமல் இரண்டாம் சுற்று வந்தால்தான் ஓட்டு.

ஃப்ளோரிடா, மிச்சிகன் ஓட்டை ஏன் முழுசா எண்ணல?

2008-இல் ஜனநாயகக் கட்சி அனுமதித்த தேதிக்கு முன்பே தேர்தல் நடத்தியதற்குத் தண்டனை. மிச்சிகன் ஜனவரி 15, ஃப்ளோரிடா ஜனவரி 29. முதலில் எல்லா டெலிகேட்டையும் பறித்தார்கள். மிச்சிகன் ஓட்டுச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. 40 சதவீதம் பேர் ‘யாருக்கும் உறுதியில்லை’ என்ற கட்டத்தில் குத்தினார்கள். மே 31 சமரசத்தில் டெலிகேட் ஒருவருக்கு அரை ஓட்டு; கிளிண்டன், ஒபாமா வரிசையில் ஃப்ளோரிடா 52.5-33.5, மிச்சிகன் 34.5-29.5. மொத்தமாகக் கிளிண்டனுக்கு லாபம் 24. ஒபாமாவின் முன்னிலையை எட்ட அது போதவில்லை; முழு ஓட்டாக எண்ணியிருந்தாலும் 48 தான். சமரசக் கூட்டம் நடந்த அறையில் எழுந்த கூச்சலைப் பார்த்தால் எல்லாமே அதில் அடங்கியிருந்ததாகத் தோன்றும். முன் சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு முடிவு அப்போதே தெரிந்திருந்தது. ஆகஸ்ட் மாநாட்டில் முழு ஓட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

விலகிப் போனவரோட டெலிகேட் என்ன ஆகும்?

ஜனநாயகக் கட்சியில் தொகுதியில் வாங்கியவை அவர் பெயரில் நிற்கும். மாநில அளவு டெலிகேட்டுகளை ஆள் தேர்ந்தெடுப்பதற்கு முன் விலகினால் அவை மற்றவர்களுக்குப் பங்கிடப்படும். குடியரசுக் கட்சியில் மாநில விதியைப் பார்க்க வேண்டும்: சில இடங்களில் விடுதலை, சில இடங்களில் முதல் சுற்றுவரை கட்டு. விலகியவர் இன்னாரை ஆதரியுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம், கட்டளையிட முடியாது.

டெலிகேட்டா போற ஆள் யாருங்கறது முக்கியமா? கட்டுப்பட்டவர்தானே?

முதல் சுற்றில் கட்டு இருக்கும். இரண்டாம் சுற்றுக்குப் போனால் பலரும் விடுதலை. 2016-இல் டெட் க்ரூஸ் அணி இதைக் குறிவைத்தது: டிரம்புக்குக் கட்டுப்பட்ட இடங்களில் தங்கள் ஆட்களை உட்காரவைத்தார்கள், 1,237-க்குக் கீழே டிரம்ப் நின்றால் அடுத்த சுற்றில் அவர்கள் மாறுவார்கள் என்று. மக்கள் ஓட்டே இல்லாமல் கட்சி மாநாட்டில் தேர்வு நடந்த கொலராடோவிலும் தேர்ந்தெடுத்த இடங்களை க்ரூஸ் அணியே அள்ளியது. மே 3 அன்று இண்டியானா டிரம்புக்குப் போனதும் திட்டம் முடிந்தது.

இலினாயில் வாக்காளர் டெலிகேட்டின் பெயரையே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் அவர் ஆதரிக்கும் வேட்பாளரின் பெயர் இருக்கும். ஒரே தொகுதியில் டிரம்பின் மூன்று டெலிகேட்டுகளுக்கும் ஒரே அளவு ஓட்டு விழவில்லை. முஸ்லிம் பெயர் கொண்டவருக்குச் சில ஆயிரம் ஓட்டுக் குறைந்து, அந்த ஒரு இடம் கைநழுவிப் போனது.

அப்போ மாநாட்டுல இழுபறி வர வாய்ப்பு இருக்கா?

ஒவ்வொரு முறையும் பேசுவார்கள். ஒரு சுற்றுக்கு மேல் போனது கடைசியாக 1952-இல், ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவன்சன் மூன்றாம் சுற்றில் தேர்வானபோது. அதன் பிறகு மிக நெருக்கம் 1976 குடியரசுக் கட்சி மாநாடு: ஃபோர்டு 1,187, ரீகன் 1,070, தேவை 1,130. அங்கேயும் முதல் சுற்றிலேயே முடிந்தது. தோற்பவருக்குப் பணம் வற்றிவிடும், விலகிவிடுவார், அதுதான் காரணம். மூவர் கடைசிவரை 20 சதவீதத்துக்கு மேல் நின்று, விதியும் விகிதாசாரமாக இருந்தால் மட்டும் இதை நம்புங்கள்.

கமலா ஹாரிஸ் ஒரு பிரைமரியும் ஜெயிக்கலையே, 2024-ல எப்படி வேட்பாளர் ஆனாங்க?

மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில் அவருடைய தாத்தாவின் பூர்வீகம் என்பதால் இது நம்மவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. 2020 போட்டியிலிருந்து அவர் ஓட்டுப்பதிவே தொடங்குமுன், 2019 டிசம்பரில் விலகியவர். 2024 பிரைமரிகளில் டெலிகேட்டுகளைக் குவித்தவர் பைடன். ஜூலை 21 அன்று அவர் விலகியதும் டெலிகேட்டுகள் விடுபட்டார்கள். அவர்களைக் கட்டும் விதி, தேர்ந்தெடுத்த மக்களின் விருப்பத்தை மனச்சாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்பதுதான். சட்டக் கட்டு அல்ல.

போட்டியில் நிற்க 300 டெலிகேட்டுகளின் கையெழுத்து தேவை, ஒரே மாநிலத்திலிருந்து 50-க்கு மேல் எண்ணமாட்டோம் என்று கட்சி அறிவித்தது. அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் ஹாரிஸ் ஒருவர்தான். வேட்பாளர் பெயரைப் பதிவு செய்யும் கடைசித் தேதி பற்றி ஓஹையோவில் கிளம்பிய சிக்கலால், மாநாட்டுக்கு முன்பே இணையவழி ஓட்டெடுப்புக்குக் கட்சி தயாராகியிருந்தது. அது ஆகஸ்ட் 5 அன்று முடிந்தது. ஓட்டளித்த டெலிகேட்டுகளில் 99 சதவீதம் பேர் அவருக்கே போட்டார்கள்.